அணிநடை இசையும் அதன் கதையும்



ஆண்டு பிறந்து இரண்டொரு மாதம் கழிந்ததும் நம் நாட்டுப் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிகள் தொடங்கிவிடுகின்றன. திடலைச் சுற்றிப் பல நிறங்களிற் பந்தல்கள் எழும். புல்லின்மீது சுண்ணாம்புக் கோடுகள் இடப்படும். பெற்றோர் குடை பிடித்து வந்து கூடுவர். ஓட்டமும் பாய்தலும் தொடங்குமுன் நிகழ்வது அணிநடையாகும். பாண்ட் வாத்தியக் குழு முன்னே செல்ல, ஒவ்வோர் இல்லத்து மாணாக்கரும் தத்தம் கொடியைத் தாங்கி, வரிசை வரிசையாகப் பிரதம விருந்தினரைக் கடந்து செல்வர். அக்காட்சியைக் கண்டு மகிழாத பெற்றோர் இலர். தம் பிள்ளை எந்த வரிசையில் வருகின்றது என்று தேடும் கண்களையே அவ்வேளையில் திடலெங்கும் காணலாம்.

நான் அதிபராய் இருக்கும் பாடசாலையிலும் இவ்வழக்கம் உண்டு. ஒத்திகை முடிந்த ஒரு மாலைப் பொழுதில், பேஸ் ட்ரம் எனப்படும் பெருமுரசைச் சுமந்து அடிக்கும் மாணாக்கன் ஒருவன் என்னிடம் வந்தான். "சேர், நாங்கள் வாசிக்கிற இந்தப் பாட்டுக்குச் சொல் ஒன்றும் இல்லையா? இது ஆருடைய பாட்டு?" என்று வினவினான். "அது 'கேணல் போகி' என்னும் ஆங்கில அணிநடை, தம்பி" என்று கூறி அவனை அனுப்பிவிட்டேன். அவனும் முரசைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். ஆயினும் நான் கூறியது விடையன்று என்பது எனக்குத் தெரிந்திருந்தது. பெயரைக் கூறுதல் வேறு. கதையைக் கூறுதல் வேறு. அக்கதையிலே நம் நாட்டு ஆறு ஒன்று இருக்கின்றது. என் குடும்பத்து முதியவர் ஒருவர் இருக்கின்றார். பெயரின்றி மாண்டுபோன பல்லாயிரம் தமிழரும் இருக்கின்றனர். அச்சிறுவனுக்கு அன்று கூறாது விட்டதை இன்று உங்கள் முன்னிலையிற் கூற முற்படுகின்றேன்.

முதற்கண், அணிநடை இசை என்பது யாது என்பதைச் சிறிது நோக்குவோம். பழந்தமிழ் வேந்தருடைய படையிலும் முரசு முழங்கியது. ஆயின் அம்முரசு அரசுரிமையின் சின்னமாக விளங்கியது; அதனை நீராட்டிக் கட்டிலில் வைத்துப் போற்றினர். நாம் இன்று பேசப் புகுந்த முரசு வேறொரு தொழிலைச் செய்வது. அதன் தொழில் எண்ணுதல். இடக்கால், வலக்கால் என்று ஆயிரம் பேருடைய கால்களையும் ஒருங்கே எண்ணி, ஆயிரம் பேரையும் ஓருடல்போல நடக்கச் செய்வதே அதன் கடமையாகும்.

18ஆம் நூற்றாண்டிற் பிரெஞ்சுப் படைத்தலைவராய் விளங்கிய மோரிஸ் த சாக்ஸ் என்பவர் போர்க்கலை பற்றிய தம் சிந்தனைகளை ஒரு நூலாக எழுதிவைத்தார். அவர் மறைந்தபின், 1757இல் அந்நூல் அச்சேறியது. பண்டை உரோமருடைய படை வலிமைக்கு, தாளத்துக்கு இயைய ஒத்த காலடி வைத்து நடந்ததே காரணம் என்பது அவர் துணிபு. அதற்கு அவர் காட்டிய சான்று மிக எளியது. இரவு முழுவதும் களைப்பின்றி ஆடும் மக்களை யாவரும் கண்டிருக்கின்றோம்; அவர்களுள் ஒருவரை இசையின்றிக் கால்மணி நேரம் ஆடச் சொன்னால் அவர் தாங்குவாரா என்று அவர் கேட்டார். இசை உடலின் களைப்பை மறைக்க வல்லது என்னும் இவ்வுண்மையே அணிநடை இசையின் அத்திவாரம்.

நம் மாணாக்கன் சுமக்கும் பெருமுரசின் பிறப்பு ஐரோப்பாவில் அன்று. உதுமானியத் துருக்கியருடைய படைகளுடன் சென்ற மெஹ்தர் என்னும் வாத்தியக் குழுவினரே பெருமுரசையும் கைத்தாளத்தையும் படைநடையோடு சேர்த்து முழக்கினர். அவ்வொலியைப் போர்க்களத்திற் கேட்டு அஞ்சிய ஐரோப்பியர், 18ஆம் நூற்றாண்டிலே தம் படைகளிலும் அவ்வாத்தியங்களை ஏற்றுக்கொண்டனர். பகைவனிடமிருந்து பெற்ற வாத்தியத்தைக்கொண்டே பகைவனை எதிர்த்து நடந்தனர் என்றால் அது வியப்புக்குரியதன்றோ?

இனி, கணக்கைச் சற்றே பார்ப்போம். பிரித்தானிய மரபைத் தழுவிய படைகளில் விரைநடைக்கு நிமிடத்துக்கு 120 காலடி என்றும், ஒவ்வொரு காலடிக்கும் 30 அங்குலம் என்றும் பொதுவாக வகுத்துள்ளனர். இவ்வாறு நடப்பவன் ஒரு நிமிடத்தில் 100 யார் தூரம் செல்வான். ஒரு மணி நேரத்தில் மூன்றரை மைலுக்குச் சற்றுக் குறைவான தூரத்தைக் கடப்பான். இலகு காலாட்படையினர் நிமிடத்துக்கு 140 காலடி வைத்து, ஓட்டத்துக்கும் நடைக்கும் இடைப்பட்ட விரைவிற் செல்வர். பிரான்சின் அந்நிய நாட்டார் படையினரோ 88 காலடியே வைப்பர். ஆண்டுதோறும் யூலை 14ஆம் நாள் பாரிஸ் மாநகரில் நிகழும் அணிவகுப்பில், ஏனைய படைகள் விரைந்து செல்ல, இவர்கள் மட்டும் யானைபோல அமர்ந்து நடந்து வருவதைக் காணலாம்.

எங்கள் திடலில் நடக்கும் பிள்ளைகளுக்கு இக்கணக்கு ஒருபோதும் பொருந்துவதில்லை. 30 அங்குலக் காலடி வளர்ந்த ஆடவனுக்கு உரியது. 6ஆம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அவ்வளவு அகலக் கால் வைத்தால் விழுந்துவிடுவாள். ஆதலின், முரசு அடிக்கும் மாணாக்கருக்கு நான் ஆண்டுதோறும் கூறுவது ஒன்றுண்டு. பிரதம விருந்தினரைப் பாராதே. கடைசி வரிசையில் வரும் மிகச் சிறிய பிள்ளையின் காலைப் பார்த்து அடி என்பதே அது. நேயர்கள் இதனை நினைவில் வைத்திருக்க வேண்டுகின்றேன். பேச்சின் இறுதியில் இதற்கு மீண்டும் வருவேன்.

படை நடப்பதற்கு உதவும் இசை மூவகைப்படும். வாத்தியக் குழு வாசிக்கும் அணிநடை ஒன்று. சிப்பாய்கள் தாமே கூடிப் பாடும் பாட்டு மற்றொன்று. ஒருவன் அடியெடுத்துக் கொடுக்க ஏனையோர் மறுமொழி கூறி நடக்கும் எண்ணுப்பாட்டு மூன்றாவது. நம் கடற்கரைகளிற் கரைவலை இழுக்கும் தொழிலாளர் அம்பாப் பாட்டுப் பாடுவதைக் கேட்டவர்களுக்கு இம்மூன்றாம் வகையை விளக்க வேண்டியதில்லை. ஒருவன் குரல் முன்னே செல்லும். பலர் கைகள் அதன் பின்னே இழுபடும். அங்கே கை, இங்கே கால். வேறுபாடு அவ்வளவே.

சிப்பாய்கள் தாமாகப் பாடிய பாட்டுக்களுள் உலகம் முழுதும் அறிந்தது 'திப்பெரேரி' பாட்டாகும். 1912ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், இங்கிலாந்தின் ஸ்ரேலிபிறிட்ஜ் என்னும் ஊரில், ஜாக் ஜட்ஜ் என்னும் மேடைப் பாடகர், ஒரே நாளிற் புதிய பாட்டொன்றை இயற்றிப் பாடுவதாக ஐந்து சிலிங் பந்தயம் பிடித்து இதனைப் பாடினார் என்பர். இலண்டன் மாநகருக்கு வந்த அயர்லாந்துக்காரன் ஒருவன் தன் ஊரையும் அங்குள்ள காதலியையும் எண்ணி ஏங்குவதே அதன் பொருள். போரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஈராண்டு கழித்து முதலாம் உலகப் போர் மூண்டது. 1914 ஓகஸ்ட் 13ஆம் நாள், பிரான்சின் பூலோன் துறைமுகத்தில் இறங்கிய கொன்னோட் றேஞ்சர்ஸ் என்னும் ஐரிஷ் படைப்பிரிவினர் இப்பாட்டைப் பாடிக்கொண்டு நடந்ததைப் பத்திரிகை நிருபர் ஒருவர் கண்டு எழுதினார். சில வாரங்களுள் அது படை முழுவதற்கும் உரிய பாட்டாயிற்று. போருக்குச் செல்பவனுடைய வாய், போரைப் பாடாது வீட்டைப் பாடியது என்பதை நாம் கவனித்தல் வேண்டும்.

மெட்டு ஒன்று எவ்வாறு கைமாறிச் செல்லும் என்பதற்கு அமெரிக்க வரலாற்றில் நல்லதொரு சான்று உண்டு. கிறித்தவரின் திறந்தவெளிப் பிரார்த்தனைக் கூட்டங்களிற் பாடப்பட்ட ஒரு மெட்டு, 1861ஆம் ஆண்டு உள்நாட்டுப் போர் தொடங்கியபோது, பொஸ்டன் துறைமுகத்து வாரன் கோட்டையில் இருந்த சிப்பாய்களுடைய வாயிற் புகுந்தது. அவர்களுள் ஜோன் பிறவுண் என்னும் சார்ஜன்ற் ஒருவர் இருந்தார். அடிமை முறைக்கு எதிராக ஆயுதமேந்தி 1859இல் தூக்கிலிடப்பட்டவரின் பெயரும் ஜோன் பிறவுண் என்பதே. தோழரைப் பகிடி செய்யப் புகுந்த சிப்பாய்கள், அப்பெயர் ஒற்றுமையை வைத்துச் சொற்களைக் கட்டினர். பகிடியாய்ப் பிறந்த பாட்டு படையின் நடைப்பாட்டாயிற்று. அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் வாஷிங்டன் நகருக்கு அருகில் அதனைக் கேட்ட ஜூலியா வார்ட் ஹவ் என்னும் அம்மையார், விடியற்காலையில் எழுந்து, அம்மெட்டுக்குப் புதிய சொற்களை எழுதினார். 1862 பெப்ரவரியில் அது அச்சில் வந்தது. அந்நாட்டின் பெரும் பாட்டுக்களுள் ஒன்றாய் நிலைத்தது. பிரார்த்தனை, பகிடி, மீண்டும் பிரார்த்தனை. மூன்றுக்கும் மெட்டு ஒன்றே.

எண்ணுப்பாட்டின் கதையும் கேட்கத்தக்கது. 1944ஆம் ஆண்டு மே மாதம், நியூயோர்க் மாநிலத்து ஸ்லோகம் கோட்டையைச் சேர்ந்த படையினர் நெடுந்தூரம் நடந்து களைத்துத் திரும்பிக்கொண்டிருந்தனர். அவ்வேளையில், ஜோர்ஜியா மாநிலத்தவரான வில்லி டக்வேர்த் என்னும் கறுப்பினச் சிப்பாய், தாமே புனைந்த அடிகளைக் குரலெடுத்துக் கூற, உடன் வந்தோர் எண்ணி மறுமொழி கூறினர். தளர்ந்த கால்கள் நிமிர்ந்தன. கலைந்த வரிசை ஒழுங்குபட்டது. கோட்டைத் தலைவராய் இருந்த கேணல் பேர்ணாட் லென்ஸ் அதனைக் கேட்டு வியந்து, பயிற்சியிற் சேர்த்துக்கொண்டார். பின்னர் அது நாடெங்கும் பரவியது. அக்காலத்தில் அமெரிக்கப் படையில் கறுப்பினத்தவர் தனிப் பிரிவுகளிலேயே வைக்கப்பட்டிருந்தனர். அப்பிரிவினையை நீக்கும் கட்டளை 1948இலேதான் பிறந்தது. தனியே ஒதுக்கி நிறுத்தப்பட்ட ஒருவருடைய குரலுக்கு முழுப் படையும் காலடி வைத்தது என்பதை எண்ணும்போது, இசையின் ஆற்றலும் மனிதரின் அறியாமையும் ஒருங்கே புலனாகின்றன.

இனி, மாணாக்கன் வினவிய அணிநடைக்கு வருவோம். அதனை இயற்றியவர் பிரெடெரிக் ஜோசப் றிக்கற்ஸ் என்பவர். 1881இல் இலண்டனிற் பிறந்தவர். இளமையிலேயே தாய் தந்தையரை இழந்தவர். பதினான்கு வயதளவிற் படையிலே வாத்தியச் சிறுவனாகச் சேர்ந்தார். வீடற்ற சிறுவனுக்குப் படையின் வாத்தியக் குழுவே வீடாயிற்று. அவர் 1908இல் ஆர்கைல் சதர்லண்ட் ஹைலண்டர்ஸ் என்னும் ஸ்கொத்லாந்துப் படைப்பிரிவின் 2ஆம் பற்றாலியனுக்கு வாத்தியக் குழுத் தலைவரானார். படையிற் பணிபுரிவோர் தம் பெயரில் வெளித்தொழில் செய்தல் அக்காலத்தில் விரும்பப்படவில்லை. ஆதலின் அவர் தம் இசையைக் கெனத் ஆல்வட் என்னும் புனைபெயரில் வெளியிட்டார்.

1914ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்தின் ஜோர்ஜ் கோட்டைக்கு அருகில் அவர் கோல்ப் விளையாடுவது வழக்கம். உடன் விளையாடிய ஒருவர், பந்து வருகின்றது என்று கூவி எச்சரிப்பதற்குப் பதிலாக, இறங்கிவரும் இரண்டு சுரங்களைச் சீழ்க்கையாக அடிப்பாராம். அவ்விரு சுரங்களும் றிக்கற்ஸின் காதில் தங்கிவிட்டன. அவற்றுக்கு மறுமொழியாக ஒரு சிறு தொடரை அமைத்து, அணிநடை ஒன்றை எழுதினார் என்பது வழிவழியாகக் கூறப்படும் செய்தி. கேணல் போகி என்பவர் உண்மையில் வாழ்ந்த மனிதர் அல்லர். கோல்ப் விளையாட்டிலே, இன்ன குழிக்கு இத்தனை அடி என்று வகுக்கப்பட்ட கணக்குக்கு விளையாட்டாக இடப்பட்ட பெயரே அது. ஆக, இல்லாத ஒரு கேணலின் பெயரைத் தாங்கி, ஒரு விளையாட்டுத் திடலிற் பிறந்த இசை, அதே ஆண்டில் மூண்ட போருக்குச் சிப்பாய்களுடன் சென்றது. சிப்பாய்கள் அதற்குத் தாமே சொற்களும் கட்டிக்கொண்டனர். அச்சொற்களை இவ்வொலிவாங்கியின் முன் கூறுவதற்கில்லை. மாணாக்கனிடம் சொல் இல்லை என்று நான் கூறாமலும், இன்ன சொல் என்று கூறாமலும் விட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆண்டுகள் கடந்தன. றிக்கற்ஸ் 1927இல் அப்பற்றாலியனை விட்டுக் கடற்படை வீரரின் வாத்தியக் குழுவுக்குச் சென்றார். அவர் வளர்த்த 2ஆம் பற்றாலியன் இரண்டாம் உலகப் போரின்போது மலாயாவில் நின்றது. 1941 டிசம்பரில் யப்பானியர் படையெடுத்தனர். வட எல்லையிலிருந்து சிங்கப்பூர் வரை பிரித்தானியப் படை பின்வாங்கியது. 1942 ஜனவரி 31ஆம் நாள், ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடல்வழிப் பாதையை இறுதியாகக் கடந்தவர் ஆர்கைல் படையினரே. எஞ்சியிருந்த பைப் வாத்தியக்காரர் இருவர் ஊத, அவர்கள் ஒழுங்கு குலையாது நடந்து சென்றனர். தோற்றுத் திரும்பும் படைக்கும் நடை இருந்தது. அந்நடைக்கு இசையும் இருந்தது. இருவாரம் கழித்துச் சிங்கப்பூர் வீழ்ந்தது. சிறைப்பட்ட பல்லாயிரவரோடு அவர்களிற் பலரும் சயாம்–பர்மா றெயில் பாதை அமைக்க அனுப்பப்பட்டனர்.

அப்பாதையை உலகம் மரண றெயில் பாதை என்று அழைக்கின்றது. 415 கிலோமீற்றர் நீளமான அது 1942இன் நடுப்பகுதியில் தொடங்கி 1943 ஒக்டோபரில் முடிவுற்றது. காட்டையும் கல்மலையையும் கையாலும் கருவியாலும் பிளந்து, மாரியிலும் வாந்திபேதியிலும் அதனை அமைத்தோருள் நேச நாட்டுப் போர்க் கைதிகள் 60,000க்கும் மேற்பட்டோர். அவர்களுள் 12,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளரோ அவர்களிலும் மிகப் பலர். இரண்டு இலட்சம் அளவினர் என்றும், அவர்களுள் 90,000 பேர் அளவில் மாண்டனர் என்றும் மதிப்பிடுவர். மலாயாவின் றப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர் அவர்களுள் பெருந்தொகையினர். கைதிகளின் தொகையைத் திட்டமாகக் கூறும் நாம், தொழிலாளரின் தொகையை "மதிப்பிடுவர்" என்றே கூறவேண்டியிருப்பது ஏன் என்று நேயர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும். கைதிகளுக்குப் பெயர்ப் பட்டியல் இருந்தது. படை அதிகாரிகள் இருந்தனர். உடன் வந்த வைத்தியர் இருந்தனர். தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்களுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை.

இச்செய்தியை நான் நூலிற் படிக்குமுன் வீட்டிலே கேட்டேன். என் பாட்டனாரின் தமையனார் யாழ்ப்பாணத்திலிருந்து மலாயா சென்று, அங்கே றெயில்வேயில் எழுதுவினைஞராக இருந்தவர். மலாயாப் பென்சனியர் என்று நம் ஊர்களில் ஒரு காலத்திற் பெருமையோடு பேசப்பட்டவர்களுள் அவரும் ஒருவர். நாங்கள் அவரை மலாயாத் தாத்தா என்போம். நான் பத்துப் பன்னிரண்டு வயதினனாய் இருந்தபோது, யாழ்ப்பாணத்துத் திரையரங்கு ஒன்றில் 'குவாய் நதிப் பாலம்' என்னும் ஆங்கிலப் படம் மீண்டும் காட்டப்பட்டது. வீட்டார் யாவரும் சென்றோம். அப்படம் நம் நாட்டிலே எடுக்கப்பட்டது என்பது எங்களுக்குப் பெருமை. டேவிட் லீன் அதனை இயக்கினார். களனி கங்கைக் கரையிலே, கித்துல்கல என்னுமிடத்திற் பெரிய மரப்பாலம் ஒன்று படத்துக்கென்றே கட்டப்பட்டு, 1957 மார்ச் மாதத்தில் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. அவ்வாண்டே வெளியான படம் ஏழு ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது. இசையமைத்த மல்கம் ஆர்னல்டுக்கும் அவற்றுள் ஒன்று கிடைத்தது.

படத்தின் தொடக்கத்திலே, கிழிந்த உடையும் தேய்ந்த சப்பாத்துமாக, கைதிகள் முகாமினுள் நடந்து வருகின்றனர். அவர்களிடம் வாத்தியம் இல்லை. வாயாற் சீழ்க்கையடித்தே நடக்கின்றனர். அவர்கள் அடிப்பது கேணல் போகி. சொற்கள் கூறத்தகாதன ஆதலாற் சீழ்க்கை. எனினும் அச்சொற்களை அறிந்தவர்க்கு அச்சீழ்க்கையே சிறைகாப்போனை இகழும் பாட்டாகும். சிறிது நேரத்தில் ஆர்னல்ட் புதிதாக எழுதிய மற்றோர் அணிநடையை வாத்தியங்கள் அதனோடு பொருத்தி முழக்குகின்றன. திரையரங்கில் இருந்தோர் தம்மை அறியாமற் காலால் தாளம் போட்டனர். நானும் போட்டேன். திரும்பிப் பார்த்தபோது தாத்தாவின் இருக்கை வெறுமையாய் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும், "ஏன் தாத்தா இடையிலே எழும்பி வந்தீங்கள்?" என்று கேட்டேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், தாம் பணிபுரிந்த நிலையத்திலிருந்து தோட்டத்து ஆட்களைச் சாமான் பெட்டிகளில் ஏற்றி வடக்கே அனுப்பியதைக் கூறினார். சில மாத வேலை, நல்ல கூலி, அரிசி தருவோம் என்று சொல்லி அழைத்துச் சென்றனராம். பெண்களும் பிள்ளைகளுங்கூட ஏறினராம். இறுதியாக அவர் கூறியது இன்றும் என் காதில் இருக்கின்றது: "எத்தனை பெட்டி போனதெண்டு என்ரை புத்தகத்திலை இருந்தது, மோனை. எத்தனை பேர் போனதெண்டு இல்லை. நாங்கள் பெட்டியைத்தான் எண்ணினோம்."

அதன்பின் அவர் அதைப்பற்றிப் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. ஆயினும் அவர் ஏன் அத்திரையரங்கை விட்டு எழுந்தார் என்பது எனக்கு வளர்ந்தபின்னரே விளங்கியது. சீழ்க்கையடித்து நடந்த கைதிகளை அவர் வெறுக்கவில்லை. அவர்கள் பட்ட துயரும் உண்மைத் துயரே. அவர்களுடைய சீழ்க்கையும் மானத்தின் குரலே. ஆயின் அதே பாதையில், அவர்களினும் பன்மடங்கு மக்கள், அணியும் இன்றி, அணிநடையும் இன்றி, முன்னே முரசும் பின்னே பெயர்ப் பட்டியலும் இன்றி மாண்டனர். அவர்களுடைய கதை அப்படத்தில் இல்லை. காஞ்சனபுரியிற் போர்க் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக அமைந்துள்ளன. தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலாருக்கு அத்தகைய கல் ஒன்றும் இல்லை. நினைக்கப்படுவதற்கும் ஓர் இசை வேண்டியிருக்கின்றது போலும்.

நேயர்களே, இவ்வாறு கூறுவதால் அணிநடையை நான் வெறுக்கின்றேன் என்று கொள்ளற்க. முப்பது ஆண்டுகளாக மாணாக்கரை நடத்திப் பார்த்தவன் நான். தனியே நிற்கக் கூசும் பிள்ளை வரிசையில் தலைநிமிர்ந்து நடப்பதைக் கண்டிருக்கின்றேன். வகுப்பிற் சண்டையிட்ட இருவர், முரசொலி எழுந்ததும் தோளொத்து நடந்ததைக் கண்டிருக்கின்றேன். இது சிறிய நன்மையன்று. எனினும் 1983 முதல் 2009 வரை போரைக் கண்ட நாடு நம்முடையது. போர் ஓய்ந்தபின் எங்கள் பாடசாலைத் திடலில் முதன்முறை பெருமுரசு ஒலித்தபோது, பந்தலில் இருந்த தாய் ஒருத்தி திடுக்கிட்டு எழுந்து பிள்ளையின் கையைப் பற்றியதையும் நான் கண்டேன். ஒரே ஒலி ஒருவருக்குக் களிப்பு, மற்றொருவருக்கு நடுக்கம்.

கால்கள் ஒன்றுபடும்போது மனம் சற்றே ஓய்வு கொள்கின்றது. களைத்தவனை வீடு சேர்ப்பது அவ்வோய்வுதான். எங்கே போகின்றோம் என்று கேளாமல் மனிதரைக் கொண்டுசெல்வதும் அவ்வோய்வுதான். பிரார்த்தனைக்கும் பகிடிக்கும் ஒரே மெட்டு இசைந்ததுபோல, நல்வழிக்கும் தீவழிக்கும் முரசு ஒரே வகையாகவே ஒலிக்கும். போகும் இடத்தை அது அறியாது. அதனை அறிய வேண்டியவர் நடத்துவோரும் நடப்போருமே ஆவர். ஆசிரியராய் உள்ளோர் பிள்ளைகளுக்கு நடையைக் கற்பித்தல் மட்டும் போதாது. எதன் பின்னே நடக்கின்றோம் என்று கேட்கவும் கற்பித்தல் வேண்டும். அன்று என்னிடம் வந்த மாணாக்கன் அக்கேள்வியையே கேட்டான். நானோ பெயரைச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

நாளை ஒத்திகைக்கு அவன் முரசோடு வருவான். அவனை அழைத்து, தாய் தந்தையற்ற வாத்தியச் சிறுவன் ஒருவனின் கதையையும், இரண்டு சுரச் சீழ்க்கையையும், கித்துல்கல ஆற்றையும், என் தாத்தாவின் கணக்குப் புத்தகத்தையும் கூறுவேன். கேணல் போகியை வாசிக்க வேண்டாம் என்று கூறமாட்டேன்; வாசிக்கட்டும். வாசிக்கும்போது அந்தப் பெட்டிகளில் ஏறியவர்களையும் ஒருமுறை நினைக்கட்டும். பின்னர் வழக்கமாகக் கூறுவதையே மீண்டும் கூறுவேன். விருந்தினரைப் பாராதே, தம்பி. கடைசி வரிசைச் சிறு பிள்ளையின் காலைப் பார்த்து அடி. அப்பிள்ளை பின்தங்கிவிட்டால் அணி முழுவதும் பின்தங்கியதாகவே கொள்.